லட்லோ முதல் சுங்குவார்சத்திரம் வரை

கம்பெனி பஸ் வருகிற நேரத்தில் மாங்காட்டில் நின்று, காத்திருப்பவர்களில் ஒருவரிடம் "உங்க கம்பெனியில யூனியன் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "யூனியன்லாம் இல்லீங்க, கமிட்டி இருக்கு" என்ற பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு. பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. வடக்கே அம்பத்தூர், ஆவடி. மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூர், அதைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம். சைக்கிள் செய்த காலத்துத் தொழிற்சாலை, டாங்க் செய்கிற தொழிற்சாலை, வாஷிங் மெஷின் செய்கிற தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து ஆள் போகிறது. எல்லா இடத்திலும் ஏதோ ஒரு பெயரில் கமிட்டி இருக்கிறது, அல்லது இருந்தது. நோட்டீஸ் போர்டில் பெயர்ப் பட்டியல் தொங்கும்: தொழிலாளர் தரப்பில் இத்தனை பேர், நிர்வாகத் தரப்பில் இத்தனை பேர். அவ்வப்போது ஒரு கூட்டம், டீ, பிஸ்கட், மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து.

பார்க்க இவ்வளவு சாதுவான இந்த ஏற்பாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஒரு பெரிய கிளை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், எரிந்து சாம்பலான ஒரு கூடார முகாமில் போய் முடிகிறது.

1913 செப்டம்பர் 23 அன்று தெற்குக் கொலராடோவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கிரேக்கர், இத்தாலியர், மெக்சிகோக்காரர், ஸ்லாவியர் என்று பல மொழி பேசியவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களின் மிகப் பெரிய முதலாளி கொலராடோ ஃப்யூயல் அண்ட் அயர்ன் கம்பெனி. சுரங்கம் மட்டுமல்ல, குடியிருந்த வீடு, சாமான் வாங்கிய கடை, மருந்து கொடுத்த டாக்டர் எல்லாமே கம்பெனியைச் சேர்ந்தவை. ஆகவே வேலையை நிறுத்தியவர்கள் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. குளிர்காலம் முழுவதையும் சங்கம் கொடுத்த கூடாரங்களில் கழித்தார்கள். லட்லோ ரயில் நிலையத்தருகே இருந்த முகாமில் மட்டும் சுமார் 1,200 பேர்.

1914 ஏப்ரல் 19 கிரேக்கர்களுக்கு ஈஸ்டர் பண்டிகை. மறுநாள் காலை மாநிலப் படைக்கும் முகாமில் இருந்தவர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டது. பொழுது சாயும்போது கூடாரங்கள் எரிந்துகொண்டிருந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய பள்ளத்தில் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். முகாமின் கிரேக்கத் தலைவர் லூயிஸ் டிக்காஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி பரவியதும் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். பத்து நாள் அந்த மலைப்பகுதி போர்க்களமாகக் கிடந்தது. கடைசியில் ஜனாதிபதி வில்சன் மத்திய ராணுவத்தை அனுப்பினார். டிசம்பரில் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. தொழிலாளர் கேட்ட முதல் விஷயம், சங்கத்தை அங்கீகரிப்பது, நடக்கவே இல்லை.

வழக்கமாக இப்படித் தோற்ற வேலைநிறுத்தத்தின் கதை இங்கேயே முடிந்துவிடும். ஒரு நினைவுத்தூண் எழும்பும், அவ்வளவுதான். லட்லோவிலும் 1918ல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தூண் எழுப்பியது. ஆனால் கம்பெனியின் பெரும் பங்கு யார் கையில் இருந்தது என்பது கதையைத் திருப்பிவிட்டது. அந்தக் கை ராக்கஃபெல்லர் குடும்பத்தின் கை. உலகத்திலேயே பெரிய பணக்காரரின் மகனான இளைய ஜான் ராக்கஃபெல்லர் நியூயார்க்கில் இருந்தபடி கடிதத்திலேயே கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொலராடோ பக்கம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இப்போது அவர் அலுவலக வாசலில் மறியல். பத்திரிகைகளில் அவர் பெயர் நாறியது.

இரண்டு பேரை வேலைக்கு அமர்த்தினார். ஒருவர் ஐவி லீ, விளம்பரக்காரர். கம்பெனித் தரப்பை அழகாக அச்சடித்து நாடு முழுக்க அனுப்புவது அவர் வேலை. சங்கத் தலைவர்களின் ஒரு வருஷச் சம்பளத்தை ஒன்பது வாரச் சம்பளம் என்று அச்சிட்டு மாட்டிக்கொண்டவர் இவர்தான். இன்றைக்குக் கம்பெனிகள் வைத்திருக்கிற 'மக்கள் தொடர்பு' இலாகாவின் முன்னோடிகளில் ஒருவராக இவரைச் சொல்வார்கள். லட்லோவின் பின்விளைவுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது தனிக் கதை.

நம் கதைக்கு வேண்டியவர் இரண்டாமவர். கனடாவின் முன்னாள் தொழிலாளர் அமைச்சர் வில்லியம் லயன் மெக்கன்சி கிங். 1911 தேர்தலில் தோற்று, வேலை தேடிக்கொண்டிருந்த அரசியல்வாதி. பிற்காலத்தில் கனடாவின் பிரதமராகி, மொத்தம் 21 வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். செத்துப்போன தாயாரிடமும் வளர்த்த நாயிடமும் ஆவி மூலம் பேசியதாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தவரும் அவர்தான். ஆவியோடு பேச முடிந்தவருக்கு முதலாளியையும் தொழிலாளியையும் பேச வைப்பது பெரிய காரியமாகத் தோன்றியிருக்காது.

கிங் தீட்டிய திட்டத்தின் சாரம் எளிது. சங்கம் வேண்டாம் என்பதில் முதலாளி பிடிவாதமாக இருக்கிறார். குறையைச் சொல்ல வழி வேண்டும் என்பதில் தொழிலாளி பிடிவாதமாக இருக்கிறார். சங்கத்தை விலக்கிவிட்டு, சங்கம் செய்கிற வேலையில் ஒரு பகுதியை மட்டும் கம்பெனிக்குள்ளேயே செய்து கொடுத்தால்? 150 பேருக்கு ஒரு பிரதிநிதி. வருஷா வருஷம் ரகசிய வாக்கெடுப்பு. பிரதிநிதிகளும் அதிகாரிகளும் சரிசமமாக உட்காரும் நான்கு கூட்டுக் கமிட்டிகள்: சச்சரவு தீர்ப்பதற்கு ஒன்று, விபத்துத் தடுப்புக்கு ஒன்று, சுகாதாரத்துக்கும் வீட்டு வசதிக்கும் ஒன்று, கல்வி, பொழுதுபோக்குக்கு ஒன்று. கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிப் பேரம் பேச ஒன்று என்று தேடினால் கிடைக்காது.

1915 செப்டம்பரில் ராக்கஃபெல்லர் நேரிலேயே கொலராடோ போனார், கிங்கையும் கூட்டிக்கொண்டு. சுரங்கத்துக்குள் இறங்கினார், குத்துக்கோடரியை எடுத்துக் கரியை வெட்டிப் பார்த்தார், தொழிலாளர்களின் மனைவிமாரோடு நடனமும் ஆடினார். அக்டோபர் 2ஆம் தேதி பியூப்ளோ நகரக் கூட்டத்தில் ஒரு சதுர மேசையைக் காட்டிப் பேசினார். மேசைக்கு நாலு பக்கம். பங்குதாரர், இயக்குநர், அதிகாரி, தொழிலாளி என்று கம்பெனிக்கும் நாலு பக்கம் என்றார். மேசை மேல் காசுகளைக் குவித்து, முதலில் தொழிலாளி தன் கூலியை எடுத்துக்கொள்கிறான், பிறகு அதிகாரி, பிறகு இயக்குநர், கடைசியில் பங்குதாரர் கை நீட்டும்போது காசே இல்லை என்று நடித்துக் காட்டினார். உலகின் பெரும் பணக்காரரின் வாரிசு சுரங்கத் தொழிலாளிகளிடம் தன் கைக்குக் காசு வரவில்லை என்று குறைபட்ட அந்தக் காட்சியை எந்த நாடக ஆசிரியரும் எழுதத் தயங்கியிருப்பார். திட்டம் பெரும்பான்மை வாக்கில் நிறைவேறியது.

இனி காப்பியடிப்பவர்களின் காலம். கொலராடோவில் இந்தத் திட்டத்தை நடத்திய கிளாரன்ஸ் ஹிக்ஸ் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிக்கு மாறினார், திட்டமும் கூடவே போயிற்று. பெத்லஹேம் ஸ்டீல், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்று பெரிய பெரிய கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. குட்இயர் டயர் கம்பெனி 1919ல் ஒருபடி மேலே போய், அமெரிக்கப் பாராளுமன்றம் மாதிரியே இரண்டு சபை வைத்துத் தொழிலாளர்களை 'செனட்டர்' ஆக்கியது. இதற்கு முன்பே ஜான் லீட்ச் என்றொரு ஆலோசகர் ஒரு பியானோ கம்பெனியில் இதே வேடிக்கையைச் செய்து, அதை ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தார். ராக்கஃபெல்லர் பணத்தில் 1922ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொழிலுறவுக்கென்றே ஒரு துறை தொடங்கிற்று. நம் ஊரில் எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் 'ஐ.ஆர்.' என்று ஒரு பேப்பர் எழுதுகிறார்களே, அந்தப் பாடத்துக்கு லட்லோ சாம்பலில் ஒரு வேர் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கமிட்டிக்கு ஒரே தாய்வீடு இல்லை. ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் 1905ல் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பிரஷ்ய அரசு பெரிய சுரங்கங்களில் தொழிலாளர் கமிட்டியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அதுவும் நிலக்கரிதான்! பூமிக்கு அடியில் வேலை செய்பவர்கள் கோபப்பட்டால் மேலே இருப்பவர்கள் கமிட்டி போடுவார்கள் என்பது இரண்டு கண்டத்திலும் நடந்திருக்கிறது.

பிரிட்டனில் கமிட்டியைப் பெற்றெடுத்தது முதல் உலகப் போர். ஆயுதத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் தங்கள் தலைவர்களையே மீறி வேலைநிறுத்தம் செய்ய, அரசு கலங்கிப்போய் 1916ல் ஒரு குழு அமைத்தது. தலைவர் ஜே.எச். விட்லி, ஹாலிஃபேக்ஸ் தொகுதி எம்.பி. 1917ல் வந்த அறிக்கை மூன்று அடுக்கு சொன்னது: நாடளவில் ஒரு கவுன்சில், மாவட்டத்துக்கு ஒன்று, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு ஒர்க்ஸ் கமிட்டி. கிங்கின் திட்டத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விட்லி சங்கத்தை வெளியே தள்ளவில்லை. சங்கத்தோடு சேர்ந்துதான் கமிட்டி என்றார். ஆனாலும் பலமான சங்கம் வைத்திருந்த சுரங்கத் தொழிலாளர்களும் பஞ்சாலைக்காரர்களும் எஞ்சினியரிங் தொழிலாளர்களும் 'எங்களுக்குத் தேவையில்லை' என்று கையை விரித்துவிட்டார்கள். எடுத்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? அரசு அலுவலக குமாஸ்தாக்கள். தனியார் முதலாளிகளுக்காக அரசு தைத்த சட்டையை அரசே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதே சமயம் சென்னையில், பெரம்பூரில், வேறொரு நாடகம். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில், ஊரார் வாயில் பி அண்ட் சி மில். மில் பக்கத்தில் ஜவுளி வணிகர் செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் ஒரு பக்திச் சபை நடத்திவந்தார்கள். ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று பெயர். பஜனைக்கும் உபந்நியாசத்துக்கும் வந்த மில் தொழிலாளர்கள் பகவானிடம் சொல்லாத குறைகளை செட்டியாரிடம் சொன்னார்கள். சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான். கை கழுவி உட்கார்வதற்குள் சங்கு ஊதிவிடுகிறது என்பது அதில் பிரதானம். அந்தச் சபையிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. கூடவே நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சரித்திரத்தில் இடம்பெற்றது இதுதான்.

பின்னி கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. 1920 கடைசியில் கதவடைப்பு, வேலைநிறுத்தம், துப்பாக்கிச்சூடு. வாடியா மேல் உயர்நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்கு. தொழிலாளரை வேலைக்குப் போகவிடாமல் தூண்டக்கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. சங்கம் வைப்பதே வழக்கில் மாட்டுகிற குற்றமாகிப்போன இந்த அதிர்ச்சியில்தான் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி சட்டசபையில் குரல் எழுப்ப, 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வாடியா சங்கத்தைவிட்டு விலகினால் வழக்கை விட்டுவிடுகிறோம் என்றது கம்பெனி. அவர் விலகினார்.

1921 மே மாதம் மறுபடி வேலைநிறுத்தம், இந்த முறை திரு.வி.க. தலைமையில். அக்டோபர் வரை இழுத்தது. தொழிலாளர்களில் ஒரு பிரிவினரான ஆதிதிராவிடர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். பட்டினி ஒரு காரணம், வேலைநிறுத்தம் செய்த சாதி இந்துக்கள் அவர்களை நடத்திவந்த விதம் இன்னொரு காரணம். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. திரு.வி.க.வை நாடு கடத்தப் போவதாக கவர்னர் வில்லிங்டன் மிரட்டினார். ஒரு வர்க்கப் போராட்டத்தைச் சாதி எப்படி நடுவில் வகிர்ந்து போடும் என்பதற்கு இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிற உதாரணம் புளியந்தோப்பு. வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் ஒடிந்தது.

1922ல் பி அண்ட் சி மில்லில் ஒரு 'வெல்ஃபேர் கமிட்டி' அமைக்கப்பட்டது.

லட்லோ 1914, ராக்கஃபெல்லர் திட்டம் 1915. புளியந்தோப்பு 1921, பின்னி கமிட்டி 1922. இரண்டு ஊரிலும் தீயணைந்த அடுத்த வருஷமே கமிட்டி முளைத்திருக்கிறது. பின்னி துரைமார் கிங்கைப் படித்தார்களா, விட்லியைப் படித்தார்களா என்பது முக்கியமில்லை. அந்தக் காலத்தில் இந்த யோசனை காற்றில் இருந்தது. 1920லேயே இந்திய அரசின் அச்சகங்களில் கூட்டுக் கமிட்டி வந்துவிட்டது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா இரும்பு ஆலையும் ஏறக்குறைய அதே நேரத்தில் முயன்று பார்த்தது.

அடுத்த திருப்பம் ஒரு தற்செயல். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் சபாநாயகராக உயர்ந்திருந்த விட்லி 1928ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறும் சபாநாயகருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பிரபுப் பட்டத்தை வேண்டாம் என்று சொன்ன அபூர்வ மனிதர். அவரைத்தான் 1929ல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராயும் ராயல் கமிஷனுக்குத் தலைவராக்கி அனுப்பினார்கள். ஒர்க்ஸ் கமிட்டிக்கு அறிக்கை எழுதியவரே பன்னிரண்டு வருஷம் கழித்து, அது காலனி மண்ணில் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வந்தார். கமிஷனில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் உறுப்பினர், என்.எம். ஜோஷியும், ஜி.டி. பிர்லாவும்கூட. அதைப் பகிஷ்கரிப்பதா ஒத்துழைப்பதா என்ற சண்டையும் சேர்ந்துதான் 1929 டிசம்பரில் நாக்பூரில் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏ.ஐ.டி.யு.சி. இரண்டாக உடைந்தது. 1931ல் வந்த அறிக்கை தொழிற்சாலைக்குள் கமிட்டி வேண்டும் என்று பரிந்துரைத்தது. சங்கத்துக்குப் போட்டியாக அதை வளர்க்கக்கூடாது என்ற அக்கறையும் அதில் இருந்தது. கமிஷன் எழுதியதில் முதல் பாதியை எல்லோரும் படித்தார்கள்.

இதற்குள் கமிட்டியின் பிறந்த வீடுகளில் ஒன்றான அமெரிக்காவில் அதற்குக் காலம் மாறிவிட்டது. 1933ல் ரூஸ்வெல்ட்டின் புதிய சட்டம் சங்கம் சேரும் உரிமையைக் கொடுத்ததும், கொலராடோ சுரங்கத் தொழிலாளர்கள் ராக்கஃபெல்லர் திட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வாக்குப் போட்டுச் சங்கத்துக்குப் போனார்கள். 1935ல் செனட்டர் வாக்னர் கொண்டுவந்த சட்டம், கம்பெனி தன் செலவில் நடத்துகிற சங்கத்தையே சட்டவிரோதமாக்கியது. வேடிக்கை எஃகு ஆலைகளில் நடந்தது. அங்கே கம்பெனி உருவாக்கிய கமிட்டிகளின் பிரதிநிதிகளே சங்கத்து ஆட்களாகி, கமிட்டியை உள்ளிருந்தே கைப்பற்றினார்கள். 1937ல் யு.எஸ். ஸ்டீல் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. வருஷா வருஷம் தேர்தல் நடத்தி, பேசப் பழக்கி, மினிட்ஸ் எழுதக் கற்றுக்கொடுத்தது கம்பெனிதானே! கமிட்டியின் சரித்திரத்தில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இதுதான். சங்கத்தைத் தடுக்கப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து சங்கப் பாடம் படித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் சந்தேகக் கேஸ் ஆகிவிட்ட கமிட்டிக்கு இந்தியாவில் ராஜ மரியாதை கிடைத்தது. 1947 ஏப்ரல் 1 அன்று, சுதந்திரத்துக்கு நாலரை மாதம் முன்பு, தொழில் தகராறுகள் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு: நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்கும்படி அரசு உத்தரவிடலாம், தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளுக்குக் குறையக்கூடாது, பதிவு பெற்ற சங்கம் இருந்தால் அதைக் கலந்துகொண்டு அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோக்கம், இரு தரப்புக்கும் நல்லுறவு.

நல்லுறவு சரி, எதைப் பற்றிப் பேசலாம்? பன்னிரண்டு வருஷம் அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. 1959 ஜூலையில் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 17வது கூட்டம் நம் சென்னையிலேயே கூடி இரண்டு பட்டியல் போட்டது. பேசலாம் என்ற பட்டியலில் காற்றோட்டம், வெளிச்சம், குடிநீர், கேன்டீன், மருத்துவ வசதி, விபத்துத் தடுப்பு, பண்டிகை விடுமுறை, விளையாட்டு, சிக்கனச் சேமிப்பு. பேசக்கூடாது என்ற பட்டியலில் சம்பளம், படி, போனஸ், வேலைப்பளு, ஆட்குறைப்பு, பி.எஃப்., வீட்டு வசதி, போக்குவரத்து. மெக்கன்சி கிங்கின் நான்கு கமிட்டிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முக ஜாடை தெரியும். வீட்டோடு மாப்பிள்ளைக்குப் பந்தியில் இலை உண்டு, சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து கிடையாது. கமிட்டியின் நிலைமையும் அப்படித்தான். அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் நார்த் புரூக் ஜூட் கம்பெனி வழக்கில் இதற்கு முத்திரை வைத்தது. ஆள்குறைத்து வேலையைக் கூட்டும் திட்டத்துக்கு ஒரு சணல் ஆலையின் ஒர்க்ஸ் கமிட்டி சம்மதம் கொடுத்திருந்தது. அந்தச் சம்மதம் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தாது, கமிட்டி சங்கத்துக்கு மாற்று ஆகாது என்றது நீதிமன்றம்.

பட்டியல் போட்ட ஊருக்குப் பக்கத்திலேயே ஆலைகள் எழும்பின. 1961ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. நாலு வருஷத்தில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை. ஆவடிக் கதை கொஞ்சம் தனி. 1966ல் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு 'ஜே.சி.எம்.' என்ற கூட்டு ஆலோசனை அமைப்பைக் கொண்டுவந்தது. அது நேராக விட்லி கவுன்சிலின் வார்ப்பு. லண்டன் குமாஸ்தாக்களுக்குத் தைத்தது டாங்க் செய்கிற ஃபிட்டர்களுக்கும் வந்து சேர்ந்தது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளில் ஒர்க்ஸ் கமிட்டித் தேர்தல் என்றால் சங்கங்கள் வரிந்து கட்டிக்கொண்டு நிற்கும். ரகசிய வாக்கு, பிரசாரம், எல்லாம் உண்டு. சங்கம் பலமாக இருக்கிற இடத்தில் கமிட்டியும் உயிரோடிருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் ஆவடித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசு நிறுவனத்தின் கீழ் போய்விட்டது. அதே வருஷம் பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் சட்டமும் வந்தது.

கிழக்கே கமிட்டி வேறு வழியில் நடந்தது. தென் கொரியாவில் 1980ல், ராணுவ ஆட்சியில், தொழிலாளர்–நிர்வாகக் கவுன்சில் சட்டம் போட்டார்கள். 1997ல் அதைப் புதுப்பித்து, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எல்லா இடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். சங்கமே கூடாது என்று நிறுவனர் காலத்திலிருந்து உறுதியாக இருந்த சாம்சங்கில் இந்தக் கவுன்சில்தான் சங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்தது. 2020 மே மாதம் சாம்சங் வாரிசு லீ ஜே-யோங் பொதுமக்கள் முன் தலை குனிந்து, சங்கமில்லா நிர்வாகம் இனி இல்லை என்று அறிவித்தார். 2024 ஜூலையில் கொரியாவிலேயே சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தன் முதல் பொது வேலைநிறுத்தத்தைப் பார்த்தது.

இரண்டு மாதத்தில் அது சுங்குவார்சத்திரத்துக்கு வந்தது. 2007ல் தொடங்கிய சாம்சங் ஆலை, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டி.வி.யும் செய்கிற இடம். சுமார் 1,800 தொழிலாளர்களில் பெரும்பாலோர் 2024 செப்டம்பர் 9 அன்று வெளியே வந்து பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சம்பள உயர்வு ஒரு கோரிக்கை. சி.ஐ.டி.யு. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் சார்பில் அமைத்த 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கத்தை' அங்கீகரிப்பது தலையான கோரிக்கை. கம்பெனி, நாங்கள் தொழிலாளர் கமிட்டியோடு பேசிக்கொள்கிறோம் என்றது. அக்டோபர் 7ஆம் தேதி அப்படி ஒரு கமிட்டியோடு ஒப்பந்தமும் போட்டது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை ஆறு மாதத்துக்கு, ஏ.சி. பஸ்ஸை 5 வழித்தடத்திலிருந்து 108 வழித்தடத்துக்கு விரிப்பது. தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உடனடியாக 1 லட்சம்.

1959 சென்னைப் பட்டியலை மறுபடி எடுங்கள். சம்பளம், போக்குவரத்து இரண்டும் கமிட்டி தொடக்கூடாத பக்கத்தில் இருக்கின்றன. பந்தலில் சங்கம் உட்கார்ந்திருக்கும்போது கமிட்டியின் கையில் திடீரென்று அதிகாரம் வந்துவிட்டது! சங்கம் கோபமாக இருந்தால்தான் கமிட்டிக்குக் கனமான பை கிடைக்கும் என்பது பியூப்ளோ மேசையிலிருந்தே இருக்கிற விதி. ஒப்பந்தத்தைச் சங்கம் ஏற்கவில்லை. அடுத்த நாள் இரவு போலீஸ் தொழிலாளர் சிலரைக் கைது செய்தது. போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் குண்டு பாயவில்லை, லட்லோவோடு அதை எடைபோடுவது நியாயமில்லை. நூற்றுப் பத்து வருஷத்தில் தொழிலாளர் இயக்கம் சம்பாதித்த வித்தியாசம் அது. 37 நாளில், அரசு நடத்திய பேச்சுவார்த்தையில் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கத்தின் பெயரில் தன் வணிகப் பெயர் இருக்கக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்துப் பார்த்தது. உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்று சங்கம் அதே பெயரில் பதிவானது. கொலராடோவில் அங்கீகாரத்துக்குக் காத்திருந்த இருபது வருஷத்தோடு ஒப்பிட்டால், வேலைநிறுத்தம் தொடங்கி நான்கரை மாதத்தில் கிடைத்த பதிவு வேகம்தான்.

கமிட்டி இதோடு ஓய்ந்துவிடவில்லை. 1947 சட்டம் போய், தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்திருக்கிறது. நூறு பேருக்கு ஒர்க்ஸ் கமிட்டி என்ற பிரிவு அதே 3ஆம் எண்ணில் அப்படியே குடியேறியிருக்கிறது. சங்கம் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவைக் காட்டினால் அதுதான் பேரம் பேசும் ஒரே சங்கம் என்று முதல் முறையாக மத்தியச் சட்டம் சொல்கிறது. அதற்கு அடுத்து இன்னொன்று: இருபது பேர் வேலை செய்தாலே குறைதீர்க் கமிட்டி கட்டாயம். அதிகபட்சம் பத்துப் பேர், இரு தரப்பும் சமம், பெண் தொழிலாளர் விகிதத்துக்குக் குறையாமல் பெண்களுக்கு இடம். அம்பத்தூர் பேட்டையின் பின் தெருக்களில் பிரஸ், லேத், பவுடர் கோட்டிங் என்று ஓடுகிற ஷெட்டுகளில் பலவற்றுக்கு இருபது என்பது கைக்கெட்டும் எண்ணிக்கை. முதலாளியும் தானே மெஷினில் நின்று வேலை செய்கிற அந்த இடங்களில் ஐந்துக்கு ஐந்து என்று எதிரெதிரே உட்கார நிர்வாகத் தரப்பில் ஐந்து பேருக்கு எங்கே போவார்கள் என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.